மொதல்ல டேங்கை மோந்து பாத்திருக்கணும்

"மாமா, என் துண்டு எங்க?"

போன செவ்வாக்கெழமை காலையில என் மச்சான் தணிகாசலம் வாசல்ல நின்னுக்கினு கேட்ட கேள்வி இது. மச்சான்னா என் சம்சாரத்தோட தம்பி. மரக்காணத்துல உப்பளத்து மேஸ்திரி. நாலஞ்சு மாசத்துக்கு ஒருக்கா சாரத்துல இருக்குற எங்க வீட்டுக்கு வருவான், சாப்புடுவான், போவான். நல்லவன். அதுதான் எரிச்சலே... கெட்டவனா இருந்தா எப்பவோ நாலு வார்த்தை கேட்டு அனுப்பியிருப்பேன்.

"எந்தத் துண்டுடா?"ன்னேன்.

அவன் சொன்ன பதிலைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. இப்ப இதைப் பேசறப்பவே கத்த ஆரம்பிச்சுட்டேன். பேப்பர்ல வர்ற இந்தப் பத்திக்கு நான் பேசப் பேச எழுதறவ என் பொண்ணு கஸ்தூரி, உங்களுக்குத்தான் தெரியுமே. "அப்பா, பிரஷர் மாத்திரை போட்டுக்கினு பேசு"ன்றா. மாத்திரை எதுக்கு? கோவம் வந்தா கோவப்படணும். மாத்திரையைப் போட்டு முழுங்கறதுக்கு அது என்னா, காய்ச்சலா?

அந்தப் பதில் என்னான்னு சொல்றேன். அவசரப்படாதீங்க. எனக்கு எதையும் அடியில இருந்து சொன்னாத்தான் வரும்.

என்கிட்ட ஒரு வண்டி இருக்கு. ஏழு பேரு போற டர்போ டீசல் வண்டி. கண்ணுல பொறை வுழுந்ததுல இருந்து நான் ஸ்டியரிங்கைத் தொடறதில்ல. டிரைவர் வச்சு ஓட்டறேன். ஏர்போர்ட்டுக்கு, திருவண்ணாமலைக்கு, வேளாங்கண்ணிக்குன்னு வாடகைக்குப் போவும். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துல இருக்குற டாக்ஸி ஸ்டாண்டுலதான் நிக்கும். டிரைவர் பேரு ஏழுமலை. பேரை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க.

ஏழுமலை பாகூர் பக்கத்துக் கிராமத்து ஆளு. ஊர்ல கொஞ்சம் நெலம். அது போதாம டவுனுக்கு வந்து வண்டி ஓட்டறான். நெல்லித்தோப்புல ஒண்டுக் குடித்தனம். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அதிகம் பேசமாட்டான். வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டுக் காது குடுத்துக் கேப்பான். நிறுத்தறதுக்கு முன்னாடியும் ஒரு நிமிஷம் ஓடவிடுவான். டர்போ வண்டிக்கு அது வேணும். எத்தனை பேரு அதைச் செய்யறான், சொல்லுங்க?

டர்போன்னா ஒண்ணும் மந்திரம் இல்ல. எஞ்சின் புகையைத் துப்பற வேகத்துல ஒரு சின்னச் சக்கரம் சுத்தும். அதே அச்சுல அந்தாண்ட இன்னொரு சக்கரம். அது வெளிய இருக்குற காத்தை இழுத்து எஞ்சினுக்குள்ள போட்டு அமுக்கும். அமுக்கறதுக்குப் பேருதான் பூஸ்ட். காத்து ஜாஸ்தி, அதுக்குத் தக்கன டீசல், அதுக்குத் தக்கன இழுவை. அவ்ளோதான். காத்து கொறைஞ்சா? டீசல் பாதி வேவும், பாதி கருகும். பின்னாடி கருப்பாப் புகை வரும். மைலேஜ் வுழும். வண்டி ஏத்தத்துல மூச்சு வாங்கும்.

இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னா பண்ணேன்னுதான் சொல்ல வரேன்.

நாலு மாசம் முன்னாடி தணிகாசலம் பொண்ணு வயசுக்கு வந்ததுக்கு மஞ்சத்தண்ணி சடங்கு. "மாமா, ரெண்டு நாளைக்கு வண்டி குடுங்க, நானே ஓட்டிக்கறேன்"ன்னான். முன்னாடி லாரி ஓட்டினவன், குடுத்தேன். அந்த ரெண்டு நாளும் ஏழுமலை அறுப்புக்கு ஊருக்குப் போயிட்டான். மூணாம் நாள் வண்டி வந்துச்சு. கழுவி, பொட்டு வச்சு, சூப்பரா வந்துச்சு.

ஒரு வாரம் கழிச்சு ஏழுமலை சொன்னான். "அய்யா, வண்டி இழுக்கல. மூணாவது கியர்ல மிதிச்சா பொங்கி வரும்ல, அது வரல. அந்த டர்போ விசில் சத்தமும் சன்னமாயிடுச்சு. புகை வேற."

"எப்பலேருந்து?"

"மரக்காணம் போயிட்டு வந்ததுல இருந்துதான்யா."

எனக்கு சுர்ருன்னு வந்துச்சு. "என்னாடா, என் மச்சான் மேல பழி போடறியா?"

அவன் பானட்டைத் தொட்டுக் காட்டினான். "காத்து பத்தலைன்னு நெனைக்கிறேன்யா. ஏர் ஃபில்டர் டப்பாவைத் தொறந்து பாக்கட்டுமா?"ன்னான்.

தொறன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பத்திக்கே வேலை இல்ல! நாலு கிளிப்பு. ஒரு நிமிஷ வேலை. நான் என்னா சொன்னேன்? "நீ கையை வைக்காத. வாரன்டி போயிடும். ஒர்க் ஷாப்புக்கு வுடு."

விட்டோம்.

கண்ணாடிக் கதவு போட்ட ஒர்க் ஷாப்பு. வண்டிக்காரனுக்கு ஒத்தடம் குடுக்கற மாதிரி சோபா, ஏசி, காப்பி மெஷின். டை கட்டின சூப்பர்வைசர் ஒருத்தன். வயரைச் சொருகி, கம்ப்யூட்டரைப் பாத்து, "பூஸ்ட் கம்மியா காட்டுது சார்"ன்னான்.

அதைத்தான்டா என் டிரைவர் வயர் சொருகாமயே சொன்னான்!

"ஏர் ஃபில்டர் பாத்தியா தம்பி?"ன்னு கேட்டேன். கேட்டேங்க, சத்தியமா கேட்டேன். அவன் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். வரிசையா எழுத்து, எதிர்ல டிக் மார்க். "பாருங்க சார், ஏர் ஃபில்டர் க்ளீன் பண்ணியாச்சு, டிக் போட்டிருக்கு."

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்ல. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என்னை மாதிரி ஆளுங்ககிட்ட ஒரு கெட்ட பழக்கம் உண்டு... காகிதத்துல இருந்தா நம்பிடுவோம். மனுஷன் வாயால சொன்னா சந்தேகம், அச்சுல அடிச்சா வேதம். டிக் மார்க்கைப் பாத்ததும் வாயை மூடிக்கினேன்.

டர்போவையே மாத்தினாங்க. சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணும்னு பத்து நாளு. மாத்திட்டு ஓட்டினா... அதே புகை, அதே மூச்சு வாங்கல். டர்போவை மாத்தினவன் டப்பாவைத் தொறக்கல, பாத்துக்குங்க. அதான் டிக் போட்டாச்சே!

சூப்பர்வைசர் தலையைச் சொறிஞ்சான். கொஞ்ச நேரம் டையைத் தடவினான். அப்புறம் என்னைத் தனியா இட்டுக்கினு போயி, கொரலைத் தாழ்த்தி, "சார், வண்டியில கோளாறு இல்ல. டீசல்லதான் இருக்கு. மண்ணெண்ணெய் கலந்திருக்காங்க. மைலேஜ் வேற வுழுந்திருக்குன்றீங்க. டிரைவரைக் கொஞ்சம் கவனிங்க"ன்னான்.

டேங்க்ல இருந்து ஒரு சொட்டு எடுத்துப் பாத்தானா? இல்ல. ஃபில்டர்ல இருக்குற டீசலை ஒரு கண்ணாடி டம்ளர்ல புடிச்சு வெளிச்சத்துல காட்டினானா? இல்ல. அவனுக்குத் தப்பு அவன் டேபிள்ல இருந்து எறங்கணும். எங்க எறங்குதுன்னு அவனுக்குக் கவலை இல்ல. என் டிரைவர் தலையில எறங்குச்சு.

நானாவது யோசிச்சிருக்கலாம். நம்ம ஊர்ல டீசல் வெல கம்மின்னு வெளியூர்க்காரன் பார்டர் தாண்டி வந்து ரொப்பிக்கினு போறான். இங்க இருக்குறவன் எதுக்கு மெனக்கெட்டு மண்ணெண்ணெய் தேடி ஊத்தறான்? தோணல. சந்தேகம் வந்துட்டா மத்த எதுவும் தோணாது போல.

மறுநாள் காலையில ஸ்டாண்டுக்குப் போனேன். எட்டு டிரைவருங்க டீ குடிச்சுக்கினு நின்னாங்க. அவங்க முன்னாடியே, "ஏழுமலை, கையை நீட்டு"ன்னேன்.

நீட்டினான். என்னா ஏதுன்னு கூட கேக்கல, டீ கிளாஸை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கினு நீட்டினான். நான் குனிஞ்சு மோந்து பாத்தேன்.

மண்ணெண்ணெய் வாடை.

"மச்சான் மேலயா பழி போடற? எத்தனை லிட்டர் டீசலை வித்துட்டு மண்ணெண்ணெய் ஊத்தினே?"ன்னு கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதை எழுதாதன்னு கஸ்தூரிகிட்ட சொல்லிட்டேன். அவளும் எழுதமாட்டா.

ஏழுமலை டீ கிளாஸைக் கீழ வச்சான். வண்டிச் சாவியை பானட் மேல வச்சான். உள்ள இருந்து அவன் சீப்பு, ஒரு சாமி படம், தண்ணி பாட்டில் மூணையும் எடுத்துக்கினான். போறப்ப ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"அய்யா, மொதல்ல டேங்கை மோந்து பாத்துட்டு அப்புறம் என் கையை மோந்திருக்கலாம்."

போயிட்டான்.

அதோட வுட்டனா? இல்லையே! அடுத்த வாரமே இதே எடத்துல, "வண்டியைக் கெடுக்கற டிரைவருங்க"ன்னு ஒரு பக்கம் பேசித் தள்ளினேன். படிச்சீங்க. நெறைய பேரு பாராட்டினீங்க. "உண்மையை உடைச்சுட்டீங்க பெரியவரே"ன்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. பேரு போடலைன்னு எனக்கு ஒரு சமாதானம் வேற.

இப்ப துண்டுக்கு வரேன்.

"எந்தத் துண்டுடா?"ன்னேன்ல? தணிகாசலம் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான்.

"ஏர் ஃபில்டர் டப்பாவுல வச்சேனே மாமா, அந்த நீலக் கரை துண்டு. மஞ்சத்தண்ணிக்கு வந்தவங்களுக்கு, இங்க வெல கம்மின்னு நாலு குவார்ட்டர் பாட்டில் வாங்கினேன். கனகசெட்டிக்குளம் பார்டர் செக்போஸ்ட்டுல சீட்டுக்கடி, டிக்கி எல்லாம் தடவிப் பாத்தானுங்க. ஒருத்தனுக்கும் தெரியல! ஃபில்டரைக் கழட்டிப் பையில போட்டுட்டு, பாட்டிலைத் துண்டுல சுத்தி டப்பாவுல வச்சுட்டேன். நீங்க சொன்னாப்பலயே!"

"நான் எப்படா சொன்னேன்?"

"பத்தியில சொன்னீங்களே மாமா! எடுத்து வச்சிருக்கேன் வீட்ல."

சொன்னேங்க. சொன்னேன்.

மஞ்சத்தண்ணிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்துக் கதை ஒண்ணு பேசினேன், ஞாபகம் இருக்கா? நான் ஒரு முசியேகிட்ட, அதான் பிரெஞ்சு தொரைகிட்ட, காரு ஓட்டினது. அப்ப இந்த ஊரைச் சுத்தி சுங்கச்சாவடி, நாங்க துவான்னு சொல்லுவோம். பிரான்ஸ்ல இருந்து வந்த கைக்கடியாரம், செண்ட் பாட்டில் எல்லாத்தையும் அந்தாண்ட கடத்தறதுக்கு ஆளுங்க அலைவாங்க. அந்தக் காலத்து காருல ஏர் ஃபில்டர் கவுத்து வச்ச குண்டான் மாதிரி இருக்கும். அதுக்குள்ள கடியாரத்தைத் துணியில சுத்தி வச்சுக்கினு, துவான்காரனுக்கு சலாம் போட்டுட்டு நான் போயிருக்கேன். அதை அப்படியே ரசிச்சு ரசிச்சுப் பேசினேன். நீங்களும் சிரிச்சீங்க.

அந்தக் காரு டர்போ இல்ல. தானா எவ்ளோ காத்து வந்துச்சோ அதை வச்சு ஓடிச்சு. கொறைஞ்சா மெதுவாப் போச்சு, யாரும் கேக்கல. இது அப்படியா? உறிஞ்சு உறிஞ்சு இழுக்கற வண்டி இது.

தணிகாசலத்தை இழுத்துக்கினு போயி பானட்டைத் தொறக்கச் சொன்னேன். நாலு கிளிப்பு. டக், டக், டக், டக். மூடியைத் தூக்கினான். ஃபில்டரை எடுத்தான். அடியில...

துண்டு. நாலா மடிச்சது. காத்து உள்ள வர ஓட்டை மேலயே சப்புன்னு ஒட்டிக்கினு, கரியும் தூசியுமா, தோல் மாதிரி ஆயிடுச்சு. பாட்டிலை எடுத்த அவசரத்துல துண்டை வுட்டுட்டு அது மேலயே ஃபில்டரைத் திருப்பி வச்சு மூடியிருக்கான் படுபாவி. மூக்கைத் துண்டால கட்டிட்டு லைட் ஹவுஸ் மேல ஏறச் சொன்னா உங்களால முடியுமா? நாலு மாசமா அந்த வண்டியை நாங்க அப்படித்தான் ஏற வச்சோம்.

"ஐயய்யோ, இதுவா மாமா? துவைச்சா போயிடும்"ன்றான் தணிகாசலம்.

"எதுடா போயிடும்?"ன்னேன். அவனுக்குப் புரியல.

துண்டு இல்லாம வண்டியை எடுக்கச் சொன்னேன். தெரு முக்குல திரும்பினதும் அந்த விசில் சத்தம் வந்துச்சு. சீட்டு முதுகுல அமுக்குச்சு. புகை இல்ல. எனக்கு அந்தச் சத்தம் கேட்ட எடத்துல கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சந்தோஷத்துல இல்ல.

இப்ப நீங்களே சொல்லுங்க. அங்க இருந்து நான் நேரா எங்க போயிருக்கணும்? நெல்லித்தோப்புக்குத்தானே?

ஒர்க் ஷாப்புக்குப் போனேன்.

அந்த அழுக்குத் துண்டைக் கொண்டுபோயி சூப்பர்வைசரோட கம்ப்யூட்டர் மேல போர்த்தினேன். "இப்பப் பாருடா, இதுவும் பூஸ்ட் கம்மின்னு காட்டும்!"ன்னேன். சோபாவுல இருந்தவங்கெல்லாம் எழுந்துட்டாங்க. "சார், சார், ஒக்காருங்க சார், காப்பி சாப்புடுங்க"ன்னான். "டிக் போட்டியே, எந்தக் கண்ணால பாத்துப் போட்டே?"ன்னேன். "பசங்க போட்டிருப்பாங்க சார்"ன்னான். எந்தப் பையன்னு கேட்டா ஆளு இல்ல. அந்த டிக் மார்க்கு தானா மொளைச்சிருக்கு.

நல்லாத்தான் கத்தினேன். வெளிய வந்ததும் தணிகாசலம், "சூப்பர் மாமா!"ன்னான். அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. கோவப்பட வேண்டிய எடத்துக்கு மொதல்ல ஓடிட்டேன். தலை குனிய வேண்டிய எடத்தைத் தள்ளி வச்சுட்டேன். கோவம் சுலபம். அதுக்கு ஏசி ரூம்ல காப்பி கூட குடுக்கறாங்க.

மறுநாள் நெல்லித்தோப்புல விசாரிச்சா, ஏழுமலை பெரிய மார்க்கெட்டுல மூட்டை தூக்கறான்னு சொன்னாங்க. ஸ்டாண்டுல இருக்குற எந்த ஓனரும் வண்டி குடுக்கலையாம். "டீசல் திருடன்"னு பேரு. யாரு வச்ச பேரு?

மார்க்கெட்டுல வெங்காய மண்டிப் பக்கத்துல பாத்தேன். தலையில சாக்கைப் போட்டுக்கினு மூட்டையை எறக்கிக்கினு இருந்தான். நெளிவு சுளிவு தெரியாத தோளு. ஸ்டியரிங் புடிச்ச தோளு அது. மூட்டை ஒருக்கா சரிஞ்சு, பக்கத்துல இருந்தவன், "டிரைவரு, இதுக்கு ஹாரன் இல்ல, பாத்து தூக்கு!"ன்னு கிண்டல் பண்ணான். இவன் சிரிச்சுக்கினான்.

நான் சந்துல ஓரமா இட்டுக்கினு போனேன். துண்டு கதையைச் சொன்னேன். "தப்பு என்னுதுதான்டா. வண்டிக்கு வந்துடு"ன்னு மெதுவாச் சொன்னேன்.

அவன் தலையில இருந்த சாக்கை எடுத்து உதறினான்.

"எட்டு பேரு முன்னாடி சொன்னீங்க. இப்ப சந்துல வந்து காதுல சொல்றீங்களாய்யா?"

எனக்கு அந்த முசியே ஞாபகம் வந்துட்டாரு. ஒருக்கா அவரு வெள்ளி லைட்டரைக் காணோம்னு, வீட்டுக்கு வந்த விருந்தாளிங்க முன்னாடி என் பாக்கெட்டை வெளிய இழுத்துக் காட்டச் சொன்னாரு. காட்டினேன். பீடிதான் வுழுந்துச்சு. லைட்டர் மறுநாள் அவரு கோட்டுலயே கெடைச்சுது. கார் ஷெட்டுக்கு வந்து, யாரும் இல்லாதப்ப, "பார்தோன்"னு ஒரு வார்த்தை சொன்னாரு. மன்னிச்சுக்கன்னு அர்த்தம். விருந்தாளிங்க கடைசி வரைக்கும் என்னைத் திருடன்னுதான் நெனைச்சிருப்பாங்க. அந்த வார்த்தையை நான் அம்பது வருஷத்துக்கு மேலா வயித்துல வச்சுக்கினு இருக்கேன். வச்சுக்கினு இருந்தும் நான் எங்க போயி நின்னேன் பாருங்க... சந்துல!

"அப்புறம் உங்க பத்தி"ன்னான் ஏழுமலை.

"அதுல உன் பேரு போடலையேடா."

"நீங்க வச்சிருந்தது ஒரே டிரைவருய்யா. பேரு வேற போடணுமா? என் பொண்டாட்டி புள்ளைக்குப் பால் குடுத்துக்கினே அதைப் படிச்சா. படிச்சுட்டு, 'இது உன்னையா?'ன்னா. என்னால ஆமான்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல."

அப்பத்தான் கேட்டேன். கேக்க வேண்டியதை மூணு மாசம் கழிச்சுக் கேட்டேன். "கையில ஏன்டா மண்ணெண்ணெய் வாடை?"

"அப்ப அவளுக்குப் பிரசவம் ஆயி இருபது நாளுய்யா. காலையில ஸ்டவ் பத்தவச்சு வெந்நீர் போடறது நான்தான்."

வெந்நீர்! ஒரு கொழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்ட கையைத்தான் நான் ஊரைக் கூட்டி மோந்திருக்கேன்.

"சரி, வா, ஸ்டாண்டுக்குப் போலாம். எட்டு பேரு முன்னாடியும் சொல்றேன்"ன்னேன்.

"நான் எதுக்குய்யா வரணும்? நான் இல்லாதப்பவும் என் பேரு சரியா இருக்கணும். நீங்க போயிச் சொல்லுங்க. பேப்பர்ல சொன்னதை பேப்பர்ல சொல்லுங்க. இந்த வாட்டி பேரைப் போடுங்க."

சாக்கைத் தலையில போட்டுக்கினு போயிட்டான்.

ஸ்டாண்டுக்குப் போனேன். அதே எட்டு பேரு, அதே டீ. "கையை நீட்டுங்கடா எல்லாரும்"ன்னேன். ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கினானுங்க. நீட்டினானுங்க. வரிசையா ஒவ்வொரு கையா மோந்து பாத்தேன்.

எட்டு கையிலயும் மண்ணெண்ணெய்!

பின்ன? கிரீஸை வேற எதை வச்சுத் தொடைப்பான் டிரைவரு? நானே நாப்பது வருஷம் அப்படித்தான் தொடைச்சேன். என் சம்சாரம், "சாப்பாட்டுல கூட அந்த வாடை அடிக்குது"ன்னு கையைத் தட்டிவுட்ட கதையெல்லாம் இருக்கு. அதையும் மறந்துட்டு...

"ஏழுமலை திருடல. தப்பு என் மேல"ன்னு சொன்னேன். துண்டைத் தூக்கிக் காட்டினேன். யாரும் சிரிக்கல.

"ஏண்டா, உங்க கையும்தான் நாறுது. அன்னைக்கே ஒருத்தனாவது வாயைத் தொறந்திருக்கக் கூடாதா?"ன்னேன்.

அங்க ரொம்ப நாளா ஓட்டற குப்புசாமி சொன்னான்: "எப்படித் தொறக்கறது பெருசு? தொறந்தா அடுத்தது எங்க கையை மோந்திருப்பியே!"

எனக்கு அவன் மேலயும் கோவம் வந்துச்சு. ஆனா அவன் சொன்னதுல பொய் இல்ல. பயந்தவன் பேசல. பேசினவன் யோசிக்கல. யோசிச்சவன் மூட்டை தூக்கறான்.

கஸ்தூரி எழுதறதை நிறுத்திட்டா. "அப்பா, மாமா பேரையும் போடணுமா? பாட்டில் விஷயம் வேற... போலீஸ்காரங்க படிச்சா?"

"போடு. ஏழுமலையை மட்டும் ஊர் பூரா மோந்து பாக்கலாம், என் மச்சானை மூடி வைக்கணுமா? பாட்டிலைத் தேடிக்கினு வந்தா வரட்டும். அது மஞ்சத்தண்ணி அன்னைக்கே காலி."

"உன் மேலயும்தான் தப்பு வருது."

"வரட்டும்மா. அதுக்குத்தானே ஒக்காந்திருக்கேன்."

இப்ப சொல்றேன். கொட்டை எழுத்துல போடச் சொல்லியிருக்கேன். போடுவாங்களோ என்னமோ...

பேரு ஏழுமலை. பாகூர் பக்கத்து ஆளு, குடியிருக்கறது நெல்லித்தோப்பு. ரெண்டு வருஷம் என் வண்டியை ஓட்டினான். ஒரு சொட்டு டீசல் திருடல. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் ஊத்தல. வண்டிக்கு என்னா கோளாறுன்னு மொத நாளே சரியாச் சொன்ன ஒரே ஆளு அவன்தான். நான் அவனைத் திருடன்னு சொன்னது பொய். அந்தப் பத்தியை வெட்டி வச்சிருக்கறவங்க, இதையும் வெட்டி அது பக்கத்துல வைங்க. ரெண்டு ஓனருங்க அவனுக்கு ஆளு வுட்டிருக்காங்கன்னு கேள்வி. "அச்சுல வரட்டும், அப்புறம் பாக்கலாம்"னு சொல்லிட்டானாம். என் வண்டிக்குத்தான் வரணும்னு இல்ல. சாவி ஆணியில தொங்குது, அது அவன் இஷ்டம்.

தணிகாசலம்... உன் துண்டைத் துவைச்சுக் கொடியில போட்டிருக்கு. வந்து எடுத்துக்கினு போ. பஸ்ஸுல வா.